பள்ளியும் பல்லியும்

“சொல்வதை எழுதுதல்” என்று ஆசிரியை கூறியவுடன் சில குழந்தைகளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். சிலர் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பார்கள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் எழுதிவிட, ஒரு குழந்தை மட்டும் வெறுந்தாளை முழங்கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு வழிதவறிய ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையை ஞானோபதேச வகுப்பில் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அப்படி ஒருத்தியைத் தேடிச் செல்லும் வாய்ப்பு 2023-24 கல்வியாண்டில் எங்கள் மூவருக்குக் கிடைத்தது.

அப்போது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவியர். தொடக்கப் பள்ளிப் பொறுப்பிலிருந்த அருட்சகோதரி எங்களை அழைத்து, நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை எங்களிடம் ஒப்படைத்தார்கள். தினமும் மதிய உணவு முடிந்ததும் பதினைந்து நிமிடம் அவளுக்கு எழுத்துப் பயிற்சி தரவேண்டும். அவள் பெயர் இங்கு வேண்டாம். தங்கை என்றே சொல்லுகிறோம்.

அவளுடைய நோட்டைத் திறந்தோம். “நான் தினமும் பல்லிக்கு வருகிரேன்” என்று எழுதியிருந்தாள். ஆனால் கதை சொல்லச் சொன்னால் வாய் ஓயாது. அவளுடைய தாயார் கோயில் வாசலில் பூ விற்பவர். முழம் என்ன விலை, நூறு ரூபாய்க்குச் சில்லறை எவ்வளவு என்று கேட்டால் நொடியில் மனக்கணக்காகச் சொல்லிவிடுவாள். எழுதச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

காரணம் தேடினோம். அவள் முதல் வகுப்புக்குப் போகவேண்டிய 2020 ஜூனில் கொரோனாவினால் பள்ளிகள் மூடிக்கிடந்தன. தமிழகத்தில் தொடக்க வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1-ஆம் நாள். அகரம் எழுதிப் பழகவேண்டிய ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம் அவள் கரும்பலகையையே பார்க்கவில்லை. வீட்டில் எழுத்துச் சொல்லித்தரவும் ஆளில்லை.

அருட்சகோதரி முதலில் அவளுடைய கண்ணையும் காதையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார்கள். இரண்டிலும் குறையில்லை. பின்பு எங்களிடம் ஒன்றை விளக்கினார்கள். நல்ல அறிவும் நல்ல ஆசிரியரும் இருந்தும், ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் சில குழந்தைகள் திணறுவதுண்டு. டிஸ்லெக்சியா என்று அதற்குப் பெயர். அது சோம்பலும் அல்ல, மந்தபுத்தியும் அல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. “ஆனால் அது இருக்கிறதா இல்லையா என்று சொல்லவேண்டியவர் பயிற்சி பெற்ற வல்லுநர். நீங்கள் அவளுக்கு எந்தப் பெயரும் சூட்டவேண்டாம். பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். பிறகு பார்ப்போம்” என்றார்கள். கூடவே மூன்று கட்டளைகள்: சிவப்பு மை கூடாது, சிரிக்கக் கூடாது, நூறு முறை எழுது என்று இம்போசிஷன் தரக் கூடாது.

எங்கள் முதல் வேலை பிழைகளைப் பிரித்து வைப்பது. நோட்டு முழுவதும் தவறு என்று பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். வகைப்படுத்தியபோது நான்கே வகைதான் இருந்தன. ல, ள, ழ மயக்கம். ந, ண, ன மயக்கம். ர, ற மயக்கம். கொம்பும் காலும் இடம் மாறுவது. தமிழில் 247 எழுத்துக்கள் என்றாலும், தங்கைக்கு வழிமறித்து நின்றவை ஏழெட்டுத்தான்!

பழைய தட்டு ஒன்றில் மணலைப் பரப்பினோம். ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவேண்டும். தவறினால் ஒரு தடவு தடவினால் போதும். அழித்த தடமே இராது. இது நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய வழக்கம். சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்திற்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற போதகர், நம் நாட்டுச் சிறுவர்கள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைக் கைக்கொண்டார். மூத்த பிள்ளைகளே இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்படியும் செய்தார். 1797-இல் இலண்டனில் அவர் இதைப் பற்றி நூல் வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. மதிய வேளையில் வேப்பமரத்தடியில் நாங்கள் செய்ததும் அதே வேலைதான் என்றறிந்தபோது எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அடுத்தது கண்ணாடி. தங்கையின் கையில் சிறு கண்ணாடியைக் கொடுத்து, நாக்கு எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னோம். பல்லி என்னும்போது நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். பள்ளி என்னும்போது நாக்கு மேலே மடிந்து அண்ணத்தைத் தொடும். முழம் என்னும்போது இன்னும் உள்ளே வளைந்து வருடும். “அக்கா, பல்லி பல்லுலதான் ஒட்டுது!” என்று அவளே கண்டுபிடித்துச் சிரித்தாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் பல்லி நுழையவே இல்லை.

ந, ண, ன மூன்றுக்கும் இலக்கணமே துணை செய்தது. த-வுக்கு முன் ந், ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன். பந்து, வண்டு, கன்று. இதனால்தான் பெரியவர்கள் தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்று பெயர் வைத்தார்கள் போலும். தமிழ்ச் சொல்லின் முதலில் வருவது ந மட்டுமே.

கொம்புதான் பெரும்பாடு. ‘கெ’ என்று ஒலிக்கையில் க் முன்னும் எ பின்னும் வருகின்றன. எழுதும்போதோ கொம்பை முதலில் போடவேண்டும். காதால் கேட்டபடி எழுதும் குழந்தை ககரத்தை எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் போடுவது இயல்புதானே! கொம்பு, ககரம், கால் ஆகியவற்றைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, இரயில் பெட்டிபோல் கோக்கச் சொன்னோம். ஒற்றைக் கொம்பு குறில், இரட்டைக் கொம்பு நெடில் என்று சொல்லும்போது வீரமாமுனிவரின் கதையையும் சொன்னோம். 1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழகத்தில் மறைப்பணி புரிந்து, தேம்பாவணி பாடிய அவர் காலத்திற்கு முன் குறிலுக்குப் புள்ளி வைப்பது வழக்கம். ஓலையில் புள்ளி விடுபட்டால் குறிலா நெடிலா என்று படிப்பவர்தான் ஊகிக்கவேண்டும். கொம்பைச் சுழித்து நெடிலை வேறாகக் காட்டியவர் அவரே. “அப்போ பெரியவங்களுக்கும் குழப்பம் வந்துச்சா, அக்கா?” என்று கேட்டாள். வந்தது என்றோம். அந்தப் பதிலில் அவளுக்கு எத்தனை நிம்மதி!

நாளொன்றுக்கு ஐந்தே சொற்கள். பார், சொல், மூடு, எழுது, சரிபார் என்பது ஒழுங்கு. சரிபார்ப்பது அவள் பொறுப்பு.

ஆகஸ்டு மாதப் பெற்றோர் கூட்டத்திற்கு அவளுடைய தாயார் வந்தார். “இதுக்குப் படிப்பு ஏறாதுங்க சிஸ்டர். அஞ்சாவதோட நிறுத்திட்டு, என்கூடக் கடையில உட்கார வச்சுக்கறேன்” என்றார். தங்கை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அருட்சகோதரி கோபிக்கவில்லை. “பதினாலு வயசு வரை படிக்கறது அவளோட உரிமைம்மா. 2009-லேயே சட்டம் வந்தாச்சு. முழுப்பரீட்சை வரைக்கும் பொறுங்க” என்று மட்டும் சொன்னார்கள்.

அன்று முதல் எங்கள் சொற்பட்டியல் பூக்கடைக்கு மாறியது. மல்லி, முல்லை, துளசி, சாமந்தி, பூச்செண்டு, மூன்று முழம். அவள் மனம் அறிந்த பொருள்கள் அல்லவா! ஒவ்வொன்றிலும் ஒரு மயக்கம் ஒளிந்திருந்தது, ஒவ்வொன்றாக விலகியது. கடைசியாக நின்றது மரிக்கொழுந்து. கொம்பும் காலும், ழகரமும், தந்நகரமும் ஒரே சொல்லில்! பதினோரு நாள் அவளை அலைக்கழித்தது. பன்னிரண்டாம் நாள் பிழையின்றி எழுதி, தானே மூடித் திறந்து சரிபார்த்தாள்.

டிசம்பர் மாதம், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம், தாயார் மறுபடியும் வந்தார். கையில் ஒரு சிறு நோட்டு. கடனுக்குப் பூ வாங்குவோரின் கணக்கை மகள் எழுதுகிறாளாம். ஆள் பெயர், பூவின் பெயர், எத்தனை முழம், பாக்கி எவ்வளவு என்று வரிசையாக இருந்தது. இரண்டு பெயர்களில் பிழை உண்டு. ஆயினும் படித்தால் யார், எவ்வளவு என்று விளங்கியது. “யார் பாக்கின்னு மறந்து எத்தனையோ காசு போயிருக்கு சிஸ்டர். இப்ப இவ எழுதி வச்சிடறா” என்றார். நிறுத்துகிற பேச்சை அவர் எடுக்கவில்லை.

ஜூலையில் இருபது சொற்களில் நான்கு சரியாக எழுதியவள், மார்ச்சில் பதின்மூன்று சரியாக எழுதினாள். ஐந்தாம் வகுப்புக்குத் தேறினாள். ரகரமும் றகரமும் அப்போதும் அவளோடு சண்டையிட்டன. ஆனால் முழங்கையால் தாளை மறைக்கும் வழக்கம் போய்விட்டது.

பெற்றோரே, உங்கள் குழந்தை பிழையாக எழுதினால் அடிக்கும் கையை ஒரு கணம் நிறுத்தி, பிழை எந்த வகை என்று பாருங்கள். தோழியரே, மதிய வேளையில் பதினைந்து நிமிடம் நம் எல்லாரிடமும் உண்டு. ஒரு தட்டு, ஒரு பிடி மணல், ஒரு சிறு கண்ணாடி போதும். கீழ்வகுப்புகளில் காத்திருக்கும் தங்கையர் இன்னும் இருக்கிறார்கள்.