புல் பார்க்கப் போன கதை!

"லீவு போட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, ஏழாயிரம் அடி மலை ஏறி... புல் பார்க்கவா போறீங்க?" என்றாள் மனைவி.

"மரமும் பார்ப்போம்" என்றேன் வீறாப்பாக.

"நம்ம வாசல்லயே வேப்பமரம் இருக்கு. தினம் குப்பையை நான்தான் பெருக்கறேன். என்னிக்காவது நிமிர்ந்து பார்த்திருக்கீங்களா?"

நியாயமான கேள்வி. பதில் இல்லாததால் குரங்குக் குல்லாவைத் தேடப் போய்விட்டேன்.

விஷயம் இதுதான். தை மாதக் குளிரில், கொடைக்கானல் மலையின் சொந்தச் செடி கொடிகளைக் காட்டுவதற்காக ஒரு கூட்டு நடை. ஆபீஸ் நண்பர் பேர் கொடுத்திருந்தார். கடைசி நிமிடத்தில் அவருக்குக் 'காய்ச்சல்' வந்துவிட, காலி சீட்டில் அடியேன்.

வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் வயிறு கலங்கி, விடியற்காலை ஊர் போய்ச் சேர்ந்தபோது பல் தந்தி அடித்தது. மொத்தம் பன்னிரண்டு பேர். பாதிப்பேர் என்னைப் போல ஃபைல் தள்ளும் ஜாதி. வழிகாட்டி அறுபதைத் தாண்டிய உள்ளூர்க்காரர். ஒரு தடி, ஒரு பூதக்கண்ணாடி. 'வாத்தியார்' என்றே எல்லோரும் கூப்பிட்டோம்.

"எதையும் பறிக்கக் கூடாது. பிளாஸ்டிக் கூடாது. காட்டெருமை எதிரே வந்தா போட்டோ எடுக்காம ஒதுங்கி நிக்கணும். வழி அதுக்குத்தான் சொந்தம்" என்றார். சிவப்பு ஸ்வெட்டரில் வந்திருந்த இளைஞர் அவசரமாக அதைக் கழற்றிப் பைக்குள் திணித்தார்.

முதல் காட்சியே அசத்தல். பள்ளமான ஒரு புல்வெளி முழுக்க யாரோ உப்பு மூட்டையைக் கொட்டினாற்போல வெள்ளை. உறைபனி! ஷூ பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வெயில் ஏற ஏற, கண்ணெதிரே காணாமல் போனது.

"சோலை மரத்தோட கன்று இந்தப் பனியைத் திறந்தவெளியில தாங்காது தம்பி. மடிப்புல சோலை, மேட்டுல புல்லுனு மலை பங்கு பிரிஞ்சிருக்கே, அதுக்கு இதையும் ஒரு காரணமா சொல்றாங்க."

"காட்டை வெட்டினதால வந்த புல் இல்லையா சார்?" என்றேன் மேதாவியாக.

"இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இந்த மலைகள்ல புல்வெளி இருந்திருக்கு. அப்ப வெட்ட உங்க தாத்தா வந்தாரா?"

பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கூட்டத்தோடு நடப்பது தனி அனுபவம். இரண்டு கிலோமீட்டர் போக நாலு மணி நேரம்! பத்தடிக்கு ஒரு தரம் எல்லோரும் மண்டியிட்டு விடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ மோதிரத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். வாத்தியார் கீழே கிடந்த ஓர் இலையை எடுத்துக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். அட, பாட்டி முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் வலித் தைலம்! கால்தீரியா என்ற புதர். விண்டர்கிரீன் தைலம் இதிலிருந்துதான் காய்ச்சப்படுகிறதாம். நடந்து நடந்து வலித்த என் காலுக்கு வாசனையே பாதி ஆறுதல்.

அடுத்து காட்டுப்பூவரசு. ரோடோடென்ட்ரான் என்றால் நாக்கு சுளுக்கும். முறுக்கிய கிளை, தோல் மாதிரி இலை, குளிர்காலத்தில் கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்பில் பூ. இதன் சொந்தக்காரர்கள் இமயமலையில் இருக்கிறார்கள். நேபாளத்தின் தேசிய மலரே அந்தக் குடும்பத்துப் பெரியண்ணன்தான். நடுவில் உள்ள சமவெளியில் ஒன்றுகூடக் கிடையாது. குறிஞ்சிப் புதர்களையும் பார்த்தோம், பூவில்லாமல். 2018-ல் பூத்தது; இனி 2030. "அவசரப்படாதீங்க, இன்கிரிமென்ட் மாதிரி நிதானமாத்தான் வரும்" என்றார் ஸ்வெட்டர் இளைஞர்.

சோலை ஓரத்தில் எட்டிப் பார்த்தோம். மரத்துக்கு மரம் பாசிச் சட்டை. உள்ளே பட்டப்பகலில் அந்தி. இங்கிலீஷ்காரர்கள் இதற்கு வேறு பெயர் கிடைக்காமல் நம் 'சோலை'யையே 'ஷோலா' என்று எடுத்துக்கொண்டார்கள். தாவரவியல் புத்தகங்களில் இன்றும் அதே பெயர்தான்.

இதுவரை உல்லாசம். பிறகுதான் வாத்தியார் மேட்டில் ஏறி நின்று தடியை நீட்டினார்.

"அதோ தெரியுதே பச்சை... எப்படி இருக்கு?"

"சூப்பர் சார்!" என்றோம் கோரஸாக.

"அது ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த வாட்டில். பக்கத்துல தைல மரம். அதுவும் அங்கேருந்துதான். அந்தப்பக்கம் பைன்."

எனக்குச் சுருக்கென்றது. பைன் காட்டில் மரத்தைக் கட்டிப்பிடித்து நான் எடுத்துக்கொண்ட கல்யாணம் ஆன புதுசுப் படம் இன்னும் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. 'இயற்கை அழகு' என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன்!

தோல் பதனிடப் பட்டைக்கு, அடுப்புக்கு விறகு, ஆலைக்கு மரக்கூழ் என்று ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடு நட்டவைதான். புல்வெளியைத் 'தரிசு' என்று நினைத்து அதன் தலையிலேயே நட்டார்கள். வாட்டில் விதை மண்ணுக்குள் பல வருஷம் தூங்கும். தீப்பட்டால் சிலிர்த்து எழும். 1973-க்கும் 2014-க்கும் நடுவே பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். 

"அப்போ எல்லாத்தையும் வெட்டிடலாமே சார்?"

"அவசரப்படக் கூடாது. பழைய வாட்டில் நிழல்லயே சில இடத்துல சோலைக் கன்று முளைச்சு வருது. அங்கே கத்தி வெச்சா குழந்தையும் சேர்ந்து போயிடும். எங்கே வெட்டணும், எங்கே விடணும்னு பார்த்துச் செய்யணும்."

பி.காம். மூளைக்கு இது கணக்காகத்தான் புரிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் புல்லும் சோலை மண்ணும் டெபாசிட்டாக வாங்கி வைத்துக்கொள்கின்றன. கோடையில் ஓடையாக வட்டி வருகிறது. நாமோ டெபாசிட்டை உடைத்து மரம் வாங்கிவிட்டு, வட்டி ஏன் குறைகிறது என்று கேட்கிறோம்.

இறங்கும்போது வட்டக்கானல் பக்கம் ஒரு ஓடை. சோப்பு விளம்பரத்தால் 'லிரில் அருவி' என்று பேர் வாங்கியதும் இதே பாம்பாறுதான். கூட்டத்தில் பெரியகுளத்துக்காரர் ஒருவர், காலையிலிருந்து வாயே திறக்காதவர், கேட்டார்:

"இந்தத் தண்ணி எங்கே சார் போகுது?"

"உங்க ஊருக்குத்தான். கும்பக்கரை அருவி."

அவர் அசையவில்லை. "சின்ன வயசுல இருந்து குளிக்கிறேன். மேலே யார் அனுப்புறாங்கனு ஒருநாள்கூட நினைச்சதில்லை சார்..." என்றவர், குனிந்து ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்வெட்டர் இளைஞர்கூட ஜோக் அடிக்கவில்லை.

ஊர் திரும்பினேன்.

"எப்படி இருந்துது உங்க புல்?" என்றாள் மனைவி.

"கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு" என்றேன்.

மறுநாள் காலை விளக்கமாற்றை எடுத்து வாசலில் வேப்பிலைக் குப்பையைப் பெருக்கினேன். பெருக்கிவிட்டு நிமிர்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பதறிப்போய் ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க... மலைக்குளிர் ஒத்துக்கலையா?"