'ஆக' என்னும் ஈறும் ஆங்கில அடைமொழியும்

தமிழ்மொழி மூலம் பயின்று பல்கலைக்கழகக் கலைப்பீடத்திற் புகும் மாணவன் ஆங்கிலத்தில் வாக்கியமொன்றை எழுத முற்படும்போது அவனை இடறச் செய்வன அருஞ்சொற்கள் அல்ல, அடைமொழிகளே. அருஞ்சொல்லின் பொருளை அகராதியிற் காணலாம். பெயரடையையும் வினையடையையும் எவ்விடத்தில் எவ்வாறு இணைப்பது என்பது அத்துணை எளிதிற் கைவருவதன்று.

'ஷி இஸ் பியூற்றிபுலி' என ஒருவன் எழுதுகிறான். பயிற்சிக் கொப்பியிற் சிவப்பு மை வட்டமிடுகிறது. இதனைக் கவனக்குறைவு எனக் கொள்வாருமுளர். ஆயின் ஆழ்ந்து நோக்குமிடத்து, அவன் ஒரு விதியை வழுவாது பின்பற்றியுள்ளமை புலனாகும். அவ்விதி தமிழுக்குரியது. 'அழகான பெண்' என்பதில் வரும் பெயரடை, 'அழகாகப் பாடினாள்' என்பதில் வினையடையாகிறது. 'அழகாக இருக்கிறாள்' என்னுமிடத்தும் அதே 'ஆக' ஈறே வருகின்றது. செயலின் தன்மையைச் சொல்வதற்கும் எழுவாயின் தன்மையைச் சொல்வதற்கும் தமிழ் ஒரே வடிவத்தை ஆளுகின்றது. ஆங்கிலமோ இவ்விரண்டையும் வேறு பிரிக்கின்றது. எழுவாயின் தன்மையை அதன் 'பீ' வினைக்குப் பின் பெயரடையே உணர்த்தும். 'சீம்', 'பீல்', 'சவுண்ட்' முதலிய வினைகளுக்கும் இது பொருந்தும்.

'லுக்' என்னும் வினை இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டும். 'ஷி லுக்ட் அங்கிரி' என்றால் அவள் கோபமாகத் தோன்றினாள் என்பது பொருள். 'ஷி லுக்ட் அற் ஹிம் அங்கிரிலி' என்றால் அவள் அவனைக் கோபமாகப் பார்த்தாள் என்பது பொருள். தமிழில் ஈரிடத்தும் 'கோபமாக' என்பதே நிற்கின்றது. ஆங்கிலத்தில் முன்னையது பெயரடை, பின்னையது வினையடை.

அடைக்கு அடை சேருமிடத்தில் தமிழ் மாணவனுக்குத் துணையும் செய்கிறது, தடையும் செய்கிறது. 'மிகவும் கடினமான நூல்' என்னும் சொல்வரிசை ஆங்கிலத்திலும் மாறுவதில்லை. 'வெரி டிபிகல்ற் புக்' என்றே அமைகின்றது. ஆனால் 'மிகவும் விரும்பினான்' என்பதை எழுத வேண்டியவன் 'ஹி வெரி லைக்ட்' எனத் தொடங்கித் தவறுகிறான். 'வெரி' தனித்து நின்று வினையைத் தழுவாது. 'வெரி மச்' என வருதல் வேண்டும். 'நனி நன்று' எனவும் 'நனி வருந்தினான்' எனவும் ஓர் உரிச்சொல்லையே இருவழியும் வழங்கும் மரபிலே வளர்ந்தவனுக்கு இக்கட்டுப்பாடு புதிது.

இவையெல்லாம் இலக்கண நுணுக்கங்கள் என ஒதுக்கிவிடுதல் இயலாது. தொழிலுக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரி, தான் கடுமையாக உழைப்பவன் என்று கூற எண்ணி, 'ஹார்ட்' என்பதனோடு 'லி' சேர்த்து 'ஐ வேர்க் ஹார்ட்லி' என எழுதுவானாயின், தான் உழைப்பதே அரிது எனத் தன் வாயாற் சான்று பகர்ந்தவனாவான். 'லி' ஈறு பெற்றவையெல்லாம் வினையடை என எண்ணுவதும் பொருந்தாது. நட்புடைய என்னும் பொருள்படும் 'பிரெண்ட்லி' பெயரடையே ஆகும்.

ஏ. எஸ். ஹோன்பி 1954இல் வெளியிட்ட நூலில் ஆங்கில வினைகளை வாக்கிய வாய்பாடுகளாக வகுத்துக் காட்டினார். அத்தகைய வாய்பாடுகள் பயன் மிக்கவை. எனினும் பல மொழியினர்க்கும் பொதுவாக வகுக்கப்பட்டவை தமிழ் மாணவன் இடறும் இடத்தைத் தனித்துச் சுட்டமாட்டா. 'இச்சொல் ஆளைப் பற்றியதா, செயலைப் பற்றியதா?' என்னும் வினாவை 'ஆக' ஈற்றிலிருந்து தொடங்கி ஆசிரியர் எழுப்புவாராயின், மாணவன் வாய்பாட்டை மனனஞ் செய்வதோடு நில்லாது அதன் காரணத்தையும் உணர்வான்.

ஆங்கில வகுப்பின் பின்வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருப்போர் பலர். தம் பிழை அறியாமையன்று, தாய்மொழியின் ஒழுங்கு பிறமொழியிற் புகுந்ததன் விளைவு என்பதை அறிவாராயின், அவர்களிற் சிலரேனும் அடுத்த வாக்கியத்தை நாணமின்றி உரக்கச் சொல்ல முன்வருவர்.