எஞ்சினில் கேட்ட "உஸ்" சத்தம்

வாகனம் பழுதடைந்தால் அது ஆண்கள் பார்க்க வேண்டிய விடயம் என்று சொல்லித்தான் எங்களில் பலரை வளர்த்தார்கள். ஆனால் 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் எமது பிரதேசத்தில் எத்தனையோ குடும்பங்களைப் பெண்களே தனித்து நின்று தாங்குகின்றார்கள். மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, கார் என்று எல்லாவற்றையும் ஓட்டுகின்றார்கள். ஓட்டத் தெரிந்த எமக்கு, அதிலிருந்து வரும் சத்தத்தை மட்டும் விளங்கிக்கொள்ள முடியாதா?

எமது நிறுவனத்தில் ஒரு பழைய பெற்றோல் கார் இருக்கின்றது. கிராமங்களுக்குப் போகும்போது பெரும்பாலும் நானே ஓட்டுவேன். சில நாட்களாக அது நிற்கும்போது எஞ்சினுக்குள் இருந்து "உஸ்" என்றொரு சத்தம் வந்தது. எஞ்சினும் நடுங்கியது. ஒருநாள் ஒரு தாயாரைக் கிளிநொச்சிக்குக் கிளினிக் கூட்டிச் சென்றேன். ரயில் கடவையில் காரை நிறுத்தியதும் அவர் கதவை இறுகப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, இது வெடிக்காதே? என்னை இதில இறக்கி விடுங்கோ" என்றார். செல் வீச்சில் மகனைப் பறிகொடுத்தவர் அவர். எங்களுக்கு அது வாகனச் சத்தம். அவருக்கு அது வேறு. அந்தக் கிளினிக்கை அவர் தவறவிட்டால் மாத்திரையும் தவறிவிடும். ஆகவே அந்தச் சத்தத்தை எப்படியும் நிறுத்தியே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் காட்டிய கராஜில் பொனற்றைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார்கள். "எஞ்சின் ஹெட் கழற்ற வேணும், மூன்று நாள் செல்லும்" என்று பெரிய தொகை ஒன்றைச் சொன்னார்கள். அதையும் காரை ஓட்டி வந்த என்னிடம் சொல்லாமல், என்னோடு வந்த அலுவலகத் தம்பியிடம்தான் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று திரும்பிவிட்டேன்.

எமது அலுவலகத்துக்கு அருகில் ஓர் அக்கா சைக்கிள் திருத்தி, ரயருக்குப் பங்சர் ஒட்டும் கடை வைத்திருக்கின்றார். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். 1990இல் மீண்டும் யுத்தம் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது அங்கே பெற்றோல் கிடைப்பது அரிதாகிவிட்டது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எஞ்சினின் சத்தத்தைக் காதால் கேட்டே நிலைமையை அறிய அந்தக் காலத்தில்தான் அவர் பழகியிருக்கின்றார்.

அக்கா காரைத் தொட முன்னர் என்னிடம் கேள்விகள் கேட்டார். "நிக்கேக்கையோ, ஓடேக்கையோ சத்தம்? அக்சிலேற்றரை மிதிச்சா கூடுதோ, குறையுதோ? பிறேக் மிதிச்சா வருதோ? எஞ்சின் சூடு ஏறுதோ?" நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஒருவரின் பிரச்சினையைக் கேட்கையில் "ஏன்" என்று கேட்க முன்னர் "எப்போது, எங்கே" என்று கேட்கப் பழக்கினார்கள். அக்காவும் அதையேதான் செய்தார்.

நிற்கும்போது மட்டும் வருகின்றது, மிதித்தால் குறைகின்றது என்றேன். "அப்ப எங்கயோ காத்து இழுக்குது" என்றார். தலைமுடியை முடிந்து, துப்பட்டாவைக் கழற்றிவைக்கச் சொன்னார். ஓடும் எஞ்சினின் காற்றாடியும் பெல்ற்றும் துணியைப் பிடித்து இழுத்துவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு மீற்றர் துண்டை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சினின் குழாய்கள் வழியே மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் சத்தம் சீறியது. விரல் மொத்தமான ஒரு றப்பர் குழாய், சூட்டில் காய்ந்து நுனியில் வெடித்திருந்தது. அதை அமத்திப் பிடித்ததும் சத்தமும் நின்றது, நடுக்கமும் நின்றது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, புதுக் குழாய்த் துண்டு ஒன்றை வாங்கிப் பூட்டி கிளிப் போட்டோம். செலவு 400 ரூபா கூட வரவில்லை.

காரணம் இதுதான். அக்சிலேற்றரை மிதிக்காதபோது எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழி ஏறக்குறைய மூடியிருக்கும். அப்போது எஞ்சின் பலமாக உறிஞ்சும். வெடிப்பு இருந்தால் அதன் வழியே காற்று சீறி உள்ளே போகும். அளவுக்கு மிஞ்சிய காற்றினால் பெற்றோல் கலவை பிழைத்து எஞ்சின் நடுங்கும். மிதித்தால் வழி திறக்கும், உறிஞ்சல் குறையும், சத்தமும் குறையும்.

அடுத்த மாதம் அந்தத் தாயாரை ஏற்றப் போனபோது பொனற்றைத் திறந்து புதுக் குழாயைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தார். "இதுதானோ அண்டைக்குக் கத்தினது?" என்று சிரித்தார். பயணம் முழுவதும் கதைத்துக்கொண்டே வந்தார்.

எல்லா "உஸ்" சத்தமும் இப்படிச் சிறிய விடயம் அல்ல. சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, ஆவியோடு சத்தம் வந்தால் அது றேடியேற்றர் பக்கம். உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 பாகை செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்தால் முகத்தில் பீறிடும். நன்றாக ஆறிய பின்னரே மூடியின் றப்பரையும் குழாய்களையும் பார்க்க வேண்டும். பிறேக்கை மிதிக்கும்போது கால்மாட்டில் சத்தம் கேட்டு, பிறேக்கும் கடினமாக இருந்தால் அந்த வாகனத்தை ஓட்ட வேண்டாம். மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள். ஏசி போட்ட காரை நிறுத்தியதும் சில விநாடிகள் கேட்கும் மெல்லிய சத்தம் வழமையானது, பயப்படத் தேவையில்லை. வெடிப்பைக் கண்டுபிடிக்கவென்று சூடான எஞ்சினில் பெற்றோலோ மண்ணெண்ணெயோ தெளிக்கச் சிலர் சொல்வார்கள். தீப்பிடிக்கும், செய்யாதீர்கள்.

கராஜுக்குப் போக முன்னர் சத்தம் எப்போது வருகின்றது, எப்போது நிற்கின்றது, எந்தப் பக்கம் கேட்கின்றது, சூடு காட்டும் முள் எங்கே நிற்கின்றது என்ற நான்கையும் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றுகின்றார்கள், ஏன் மாற்றுகின்றார்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் தரச் சொல்லுங்கள். திருத்துவது அவர்கள் வேலையாக இருக்கட்டும். கேட்பது எங்கள் உரிமை.