டூரோ நதிக்கரையில் ஒரு மகராசி

ஒயின் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! உங்களை யாரும் குடிக்கச் சொல்லவில்லை. ஒரு பெண்மணி உண்டாக்கிய தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

போர்ச்சுகல் தேசத்துப் போர்ட்டோ நகரில் ரயில் ஏறுங்கள். வலது பக்கத்து ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். (ஜன்னல் என்ற சொல்லே அந்த தேசத்தார் நமக்குக் கொடுத்ததுதான். சாவி, மேஜை, பீப்பாய் எல்லாம் அப்படித்தான்!) ஒரு மணி நேரத்துக்கு மேல் போனதும் டூரோ நதி நம்மோடு சேர்ந்துகொள்கிறது. இரு கரையிலும் செங்குத்தான மலைகள். அடி முதல் முடி வரை படிப்படியாகக் கல் சுவர் எழுப்பி, படிதோறும் திராட்சைக் கொடி வைத்திருக்கிறார்கள். பார்த்தால் நம் வீட்டு நவராத்திரிக் கொலு நினைவுக்கு வரும். மண் என்று பெயரே தவிர, அது ஏடு ஏடாகப் பிளக்கும் பாறை. கொடியின் வேர் அந்தப் பிளவுகளில் நுழைந்து தண்ணீரைத் தேடிப் போகிறது.

இந்த மலைநாட்டில் 1811ல் பிறந்தவள் அந்தோனியா ஃபெரெய்ரா. முப்பத்து மூன்று வயதில் கணவனை இழந்தாள். கையில் இரண்டு குழந்தைகள். தலைமேல் குடும்ப வியாபாரம். அவள் மூலையில் உட்காரவில்லை. கணக்குப் புத்தகத்தைத் தானே எடுத்துப் பிரித்தாள். நாட்டின் பிரதம மந்திரியான சல்டான்யா பிரபு, அவளுடைய சின்னஞ்சிறு மகளைத் தம் மகனுக்குக் கேட்டார். சொத்தின் மேல் கண்! மறுத்தால் விடமாட்டார் என்று தெரிந்ததும், தாயும் மகளும் குடியானவப் பெண்களாக வேஷமிட்டு எல்லையைத் தாண்டி லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். எந்தத் தொடர்கதைக்குக் குறைந்தது இது, சொல்லுங்கள்!

வலெய்ரா என்ற இடத்தில் மலை நெருங்கி நதியைப் பிடிக்கிறது. இப்போது அங்கே அணை கட்டிவிட்டார்கள். நீர் சாதுவாக நிற்கிறது. 1861ல் அங்கே அவள் போன படகு கவிழ்ந்தது. உடன் வந்த ஃபாரஸ்டர் என்ற ஆங்கில வியாபாரி மூழ்கிப் போனார். இடுப்பில் கட்டியிருந்த பொற்காசுகள் அவரை இழுத்துக்கொண்டன என்றும், அவளுடைய அகன்ற பாவாடை அவளை மிதக்க வைத்தது என்றும் ஊரார் சொல்கிறார்கள். பாவாடை நிஜமோ, கதையோ, அவள் பிழைத்தது நிஜம்.

பொஸின்யோ நிலையத்தோடு ரயில் நின்றுவிடும். அருகில்தான் வாலே மெயாவ் பண்ணை. வேரைத் தின்னும் பூச்சி டூரோவின் பழைய தோட்டங்களைப் பாழாக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1877ல் ஏலத்துக்கு வந்த முந்நூறு ஹெக்டேர் வெறும் நிலத்தை அவள் வாங்கினாள். அப்போது வயது அறுபத்தாறு! பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டு உட்காரும் வயதில், பலன் தர வருஷங்கள் பிடிக்கும் கொடியை நட ஆரம்பித்தாள். 1896ல் கண்ணை மூடினாள்.

அவள் காணாத ஒன்று 1952ல் நடந்தது. அதுவரை டூரோ என்றால் பிராந்தி சேர்த்த இனிப்பான போர்ட் ஒயின்தான். அவள் குடும்பத்துக் கம்பெனியில் வேலை பார்த்த ஃபெர்னாந்தோ நிகொலாவ் தெ அல்மெய்தா, இனிப்பில்லாத சிவப்பு ஒயின் செய்யத் துணிந்தார். கொளுத்தும் வெயிலில் ரசம் கெடாமல் புளிக்க வேண்டுமே! கடற்கரையிலிருந்து லாரியில் பனிக்கட்டி வரவழைத்தார். பிறந்தது பார்கா வெல்யா. நல்ல வருஷங்களில் மட்டுமே அந்தப் பெயரில் புட்டி வெளிவரும்.

பண்ணை இன்றும் அவள் சந்ததியார் கையில்தான் இருக்கிறது. 1999 அறுவடையிலிருந்து பண்ணையின் பெயரிலேயே சிவப்பு ஒயின் செய்கிறார்கள். கருங்கல் தொட்டியில் பழத்தைக் கொட்டி, ஆட்கள் இறங்கிக் காலால் மிதிக்கிறார்கள். முழங்கால் வரை சாயம் ஏறிவிடுமாம். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது!