முப்பத்தாறு கவிகளும் ஒரு மூங்கிலும்

நாம் ஜப்பானிலே கியோத்தோ நகரில் சிசெந்தோவைப் பார்க்கப் போனோம் என்றவுடன், ஒரு கூட்டமே திரண்டு சென்றதாக நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். போனது ஒரே ஆசாமிதான். உடன் வந்த நண்பர்கள் கடைவீதியை நாடிச் சென்றார்கள். ஆண்டு முழுவதும் பையன்களின் இரைச்சலுக்கு நடுவே காலந்தள்ளும் உபாத்தியாயருக்கு ஒரு மணி நேர மௌனத்தைவிட உயர்ந்த பண்டம் எந்தக் கடையில் கிடைக்கப் போகிறது?

நகரின் வடகிழக்கே, இச்சிஜோஜி என்னும் பகுதியில், மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த வீடு. எளிய சிறு வாயில். அப்பால் மூங்கில்களுக்கிடையே கற்படிகள். பாதரட்சைகளைக் கழற்றிவிட்டுக் கோரைப் பாய் விரித்த கூடத்தில் அமர்ந்தோம். எதிரே வெண்மணல் பரப்பு. அதன் ஓரத்தில் உருண்டை உருண்டையாகக் கத்தரித்துவிட்ட அசேலியாச் செடிகள். வீடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல இயலவில்லை.

இதை 1641-ல் கட்டியவர் இஷிக்காவா ஜோசான். 1583-ல் பிறந்த அவர், தொக்குகாவா இயெயாசுவின் சேனையில் வீரராக இருந்தவர். 1615-ல் ஓசாக்கா யுத்தத்தில் கட்டளையை மீறி முன்னே பாய்ந்து போரிட்டார். வீரத்துக்குப் பரிசு கிடைக்கவில்லை, கண்டனமே கிடைத்தது. வாளை வைத்துவிட்டு ஏடுகளைக் கையில் எடுத்தார். ஆனால் உடனே அவர் மலையடிவாரத்துக்கு ஓடி வந்துவிடவில்லை. வயதான அன்னையைக் காப்பாற்றுவதற்காக ஹிரோஷிமாவில் ஒரு பிரபுவிடம் பல ஆண்டுகள் ஊழியம் செய்தார். அன்னை காலமான பிறகே கியோத்தோவுக்கு வந்து இந்த வீட்டைக் கட்டி, 1672-ல் கண் மூடும் வரை இங்கே வாழ்ந்தார்.

சிசெந்தோ என்றால் கவிச் சித்தர்களின் மண்டபம் என்று பொருள். லி போ, தூ பு முதலிய முப்பத்தாறு சீனக் கவிஞர்களின் உருவங்களைக் கானோ தான்யூ என்னும் புகழ்பெற்ற ஓவியர் தீட்ட, அவர்களுடைய கவிதைகளை ஜோசான் தம் கையாலேயே எழுதி வைத்தார். இத்தனை பேர் சூழ இருந்தவரைத் தனியர் என்று எப்படிச் சொல்வது? இன்று இவ்வீடு ஸென் பௌத்த ஆலயமாக விளங்குகிறது.

திடீரென்று 'டொக்' என்று ஓர் ஓசை! தோட்டத்தில் ஒரு மூங்கில் குழாயில் நீர் சொட்டி நிறைகிறது. நிறைந்ததும் குழாய் சாய்ந்து நீரைக் கொட்டுகிறது. மீண்டும் நிமிரும்போது அதன் அடிப்பாகம் கல்லில் மோதுகிறது. செடிகளை மேய வரும் மான்களையும் பன்றிகளையும் விரட்டுவதற்காக அமைத்த உபாயம் அது. ஓசை அடங்கிய பிறகுதான் அவ்விடத்தின் நிசப்தம் எவ்வளவு ஆழமானது என்று நமக்குத் தெரிந்தது.

அந்த நிசப்தத்தில் ஒன்று நினைவுக்கு வந்தது. ஊரிலிருந்து அம்மா எழுதிய கடிதம் பதினைந்து நாட்களாகப் பதிலின்றி நம் சட்டைப் பையிலேயே கிடந்தது. ஏகாந்தம் என்பது கடமைகளிடமிருந்து ஒளிந்துகொள்ளும் இடம் என்றெண்ணி வந்திருந்தோம். ஜோசானோ கடமையை முடித்துவிட்டு வந்து அமர்ந்தவர்.

மூங்கில் மறுபடியும் தட்டியது. நாம் பேனாவை எடுத்தோம்.