மெஷினுக்கும் ஒரு ஜாதகம்

முப்பத்தைந்து வருடம் புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் டீசல் ஜெனரேட்டர் சர்வீஸ் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஜெனரேட்டர் என்றதும் மற்றவர்களுக்குச் சத்தமும் புகையும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு மஞ்சள் அட்டை.

'ஹிஸ்டரி கார்டு' என்போம். மேலே எஞ்சின் நம்பர், ஆல்டர்னேட்டர் நம்பர், எத்தனை கேவிஏ, ஓட ஆரம்பித்த தேதி. கீழே கட்டம் போட்டு, வந்த தேதி, ஹவர் மீட்டரில் எத்தனை மணி, செய்த வேலை, மாற்றிய சாமான், கையெழுத்து. ஒரு பிரதி மெஷின் பேனலுக்குள் தொங்கும், இன்னொன்று ஆபீஸில் இருக்கும். கார்டைப் படிக்காமல் ஸ்பேனரைத் தொட்டால் எங்கள் மூத்த மெக்கானிக் அண்ணனுக்குக் கோபம் வரும். "டாக்டர் கேஸ் ஷீட்டப் பாக்காம ஊசி போடுவாராடா?" என்பார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். நகராட்சியை இன்னமும் 'மேரி' என்று சொல்கிற பெரியவர்கள் இங்கே உண்டு. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன 'எத்தா சிவில்' பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் பிறந்தால் ஒரு பதிவு. பிறகு அவருக்குக் கல்யாணம் ஆனால், அந்தச் செய்தியை அதே பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறிப்பார்கள். அவர் பாரீசுக்கே குடிபோனாலும் அந்தப் பக்கம் அவருடையதுதான். ஆள் எங்கே போனாலும் பதிவு ஒன்றே. எங்கள் மஞ்சள் அட்டையும் அப்படித்தான்.

2010 வாக்கில் எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்தது. ஃபீல்டு சர்வீஸ் சாஃப்ட்வேர் என்றார்கள். வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அதில் விவரம் ஏற்றிய விதத்தில்தான். மேலிடத்தில் உத்தரவு போட்டு, கார்டுகளை ஒதுக்கிவிட்டு, கணக்குப் பிரிவின் பில்களிலிருந்து ஏற்றினார்கள். பில் என்பது வாடிக்கையாளர் கதை. யார், எந்த முகவரி, எவ்வளவு பணம் என்று அது சொல்லும். எந்த மெஷின் என்பதைச் சொல்லாது.

அதிலும் நம் ஊர் முகவரி இருக்கிறதே! 2006 அக்டோபரில் பாண்டிச்சேரி, அரசு ஏட்டில் புதுச்சேரி ஆயிற்று. பழைய பில்லில் ஒரு பெயர், புதிய பில்லில் ஒரு பெயர், சிலதில் வெறும் 'பாண்டி'. நேரு வீதியை துப்ளேக்ஸ் வீதி என்றே எழுதிக் கொடுக்கும் பழைய கடைக்காரர்களும் இருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் வேறு வேறு இடம். ஒரே மெஷின் மூன்று மெஷினாக உட்கார்ந்துகொண்டது. ஒன்றில் ஆயில் மாற்றிய கணக்கு, இன்னொன்றில் பேட்டரி கணக்கு, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் காற்று. மரமும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தன. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று காலை ஒரு நர்சிங் ஹோமிலிருந்து ஆள் ஓடி வந்தார். ஜெனரேட்டர் செல்ஃப் எடுக்கவில்லை, உள்ளே ஆக்சிஜன் மெஷினில் இரண்டு பேர் இருக்கிறார்கள், கையிருப்பு சிலிண்டர் சாயங்காலம் வரைதான் தாங்கும் என்றார். போன் பல இடங்களில் வேலை செய்யவில்லை. வழியெல்லாம் மரம். சாமானை ஒரே தடவையில் சரியாக எடுத்துப் போனால்தான் உண்டு.

புயலுக்கு முதல் நாளே கம்ப்யூட்டரிலிருந்து பட்டியலை அச்செடுத்து வைத்திருந்தோம். அதில் அந்த நர்சிங் ஹோமுக்கு ஒரு கம்பெனி எஞ்சின் என்று இருந்தது. மூத்த அண்ணன் அதை நம்பவில்லை. பரணில் கட்டிப்போட்ட கார்டுகளை இறக்கச் சொன்னார். அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. இரண்டு வருடம் முன்பு அவர்கள் தங்களுடைய இன்னொரு கிளையிலிருந்த மெஷினை இங்கேயும், இங்கிருந்ததை அங்கேயும் மாற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே 62.5 கேவிஏ. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பச்சைக் கூண்டு. உள்ளே எஞ்சின் வேறு, செல்ஃப் மோட்டாரும் வேறு.

கார்டு சொன்ன மோட்டாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, விழுந்த மரங்களுக்கு மேலே தூக்கித் தூக்கிக் கொண்டுபோனோம். இரண்டு மணிக்கு மெஷின் ஓடியது. பட்டியலை நம்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகுதான் கம்பெனி விழித்துக்கொண்டது. வாடிக்கையாளர் பெயரை விட்டு, மெஷின் நம்பரை முதலில் வைத்தார்கள். இடம் மாறினால் பழைய இடமும் தேதியும் அழியாமல் நிற்கும். எஞ்சினை மட்டும் மாற்றினால், பழைய எஞ்சின் நம்பர் கழன்றதும் புதியது ஏறியதும் அதே மெஷினுக்குக் கீழே வரும். காயலான் கடைக்குப் போன மெஷினையும் அழிக்கக்கூடாது, 'ஓய்வு' என்று குறிக்க வேண்டும். என்னைப் போல!

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சரியாக ஏற்றியபின் சாஃப்ட்வேர் கார்டை விடப் பல மடங்கு மேல். கார்டு ஆயிலில் ஊறும், எலி கடிக்கும். பரணில் இருப்பது வாசலில் நிற்கும் பையனுக்கு உதவாது. இன்று மெஷினில் ஒட்டிய கட்டத்தைப் போனில் காட்டினால் பிறந்த நாள் முதல் எல்லாம் வருகிறது. கடற்கரைச் சாலை மெஷின்களுக்கு ரேடியேட்டர் சீக்கிரம் அரித்துப் போகிறது, வில்லியனூர்ப் பக்கம் அப்படி இல்லை என்று நாங்கள் வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். உப்புக்காற்று செய்யும் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்திக் காட்டிவிட்டது. ஆனால் உள்ளே போடுவதுதான் வெளியே வரும்.

இது ஜெனரேட்டரோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை. நம் வீட்டிலும் இன்வர்ட்டர், ஏசி, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கின்றன. நம்மில் பலர் வீட்டில் வயதான இரண்டு பேர் மட்டும்தான், பிள்ளைகள் வெளியூரில். அதனால் சில வார்த்தைகள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒரு மெஷினுக்கு ஒரு பக்கம். சீரியல் நம்பரைப் பில்லிலிருந்து எழுதாமல் மெஷின் தகட்டைப் பார்த்து எழுதுங்கள். கடையில் தரும் வழவழப்பான பில் ஒரு வருடத்தில் வெளுத்துப் போகும், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். இன்வர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய தேதியைக் கூட எழுதுங்கள்.

முக்கியமாக, சர்வீஸுக்கு வரும் பையன் "ஓடிபி சொல்லுங்க சார்" என்று கேட்டால் உடனே சொல்லிவிடாதீர்கள். பல கம்பெனிகளில் அந்த எண்ணைச் சொன்னதும் புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடும். வேலை முடிந்து, மெஷின் ஓடிப் பார்த்து, என்ன மாற்றினான் என்பதை அவன் போனில் ஏற்றிய பிறகு சொல்லுங்கள். பாவம், அவனுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு இருக்கும். கோபப்படாமல் ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், எழுதுவான்.

அடுத்த முறை வேறொரு பையன் வருவான். அவனுக்கு உங்கள் மெஷினைத் தெரியாது. முந்தியவன் எழுதிவைத்த நாலு வரிதான் அவனுக்குக் கண்.