எந்தக் கதவைத் தட்டுவது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (வேதியியல்)

மதுக்கடை எங்கே இருக்கிறது என்று எங்கள் மருங்காபுரிப் பக்கம் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் வழி சொல்வான். குடியை விட நினைப்பவன் எங்கே போக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், படித்தவரும் விழிப்பார்! வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். 1937-இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971-இல் தமிழ்நாட்டில் அது தளர்ந்தது. மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக்கு விற்கிறது. சட்டங்கள் மாறின. மனம் திருந்திய நாளில் ஒருவன் தட்ட வேண்டிய கதவு எது என்பதை மட்டும் யாரும் எங்கள் ஊருக்குச் சொல்லவில்லை.

அந்தக் கதவை நான் தேடியது என் தாய்மாமனுக்காக. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டியவர் அவர். அத்தையின் தோடு அடகுக்குப் போனதும் அவரால்தான். திட்டாதவர் இல்லை. "நிறுத்தணும்னுதான் மாப்ள நெனைக்கிறேன், முடியலையே" என்று ஒரு நாள் அழுதார். கரணை பிடித்த கை, காலையில் தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது.

ஆய்வுக்கூடத்தில் எத்தனாலின் வாய்பாட்டை எழுதும் எனக்கு அதன் பிடி அன்றுதான் விளங்கிற்று. நாள்பட்டுக் குடிப்பவரின் மூளை மதுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் வரும். சிலருக்கு வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். எனவே வீட்டில் பூட்டிவைத்து நிறுத்த முயல்வது பேராபத்து. மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மாமாவும் அரசு மருத்துவமனையில் சில நாள் படுத்து எழுந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் ஒருவர் சொன்னார்: "உடம்பைத் தேத்தியாச்சு தம்பி. மனசுக்கு, இவரை மாதிரி குடிச்சு விட்டவங்க துணை வேணும். ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்குதுன்னு விசாரிங்க."

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பெயர் சொல்லாத குடிநோயாளிகள் என்று பொருள். அது பிறந்த கதையே ஒரு தேடல்தான். 1935 மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பில் என்ற பங்குத் தரகர் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வந்திருந்தார். குடியை விட்டுச் சுமார் ஐந்து மாதம். வந்த காரியம் தோற்றது. தங்கியிருந்த விடுதிக் கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். பாதிரியார்களைக் கூப்பிட்டு, தாம் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார்! அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவர். பாப் குடியை அடியோடு விட்ட 1935 ஜூன் 10-ஆம் நாளையே இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். 1957-இல் அது டில்லிக்கு வந்தது.

திருச்சியில் ஒரு பள்ளி அறையில் கூட்டம் நடப்பதை விசாரித்து அறிந்து, ஒரு வியாழன் மாலை மாமாவை அழைத்துச் சென்றேன். பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். கட்டணம் இல்லை, சாதி, மதம், தொழில் யாரும் கேட்கவில்லை. குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் எழுந்து பெயரைச் சொன்னார். "நான் ஒரு குடிநோயாளி" என்றார். தம் கதையைச் சொல்லி அமர்ந்தார். அறிவுரை இல்லை. ஆயுள் முழுவதற்கும் சத்தியம் வாங்கவில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் போதும் என்றார்கள். மாமா இரண்டு வாரம் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் பேசினார். அத்தையின் தோட்டைப் பற்றி முதன்முதலாக அங்கேதான் பேசினார்.

ஆனால் திருச்சி எங்களுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். விராலிமலை வழியாகப் பேருந்து. போனால் அரை நாள் கூலி போயிற்று. ஒரு வியாழன் துவரங்குறிச்சியில் பேருந்து தவறியது. கூட்டம் அவ்வளவு தூரத்தில். கடை கூப்பிடு தூரத்தில். அன்று இரவு குடித்துவிட்டார். மறுவாரம் போய்ச் சொன்னார். யாரும் முகம் சுளிக்கவில்லை. "திரும்பி வந்தீங்களே, அது போதும்" என்றார் ஒரு பெரியவர். அன்று தொட்டு இன்றுவரை பதினோரு வாரம்.

மாமா தவறியது மனவலிமை இல்லாததாலா, ஊரில் கூட்டம் இல்லாததாலா? சிந்தித்துப் பாருங்கள். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம், 1989-இல் தஞ்சைத் தரணியின் மஞ்சக்குடிக்கே சென்று சிகிச்சை முகாம் நடத்தியது. நோயாளி நகரம் தேடி வர முடியாவிட்டால் சிகிச்சை கிராமம் தேடிப் போகலாம் என்பதை அது காட்டியது.

நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஊர் ஊராகப் போகிறோம். மரம் நடுகிறோம், தெருக் கூட்டுகிறோம். இனி இன்னொன்றும் செய்வோம். போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணையும், அருகில் நடக்கும் கூட்டத்தின் இடம், கிழமை, நேரத்தையும் ஊர் அறியும்படி சுவரில் எழுதிவைப்போம். கூட்டம் நடத்துவது குடியை விட்டவர்களின் வேலை. அதற்கு ஊரிலேயே ஓர் அறை கிடைக்கச் செய்வது நம் வேலை. பில்லும் பாபும் தொடங்கியபோது இரண்டே பேர்தாம். மருங்காபுரியில் இரண்டு பேர் கிடைக்கமாட்டார்களா? ஒருவர் இப்போதே தயாராக இருக்கிறார்.